மசபியேல் பாறையும் நம்மூர்க் கெபிகளும்

1858-க்கு முன்பு மசபியேல் பாறை பன்றிகள் ஒதுங்கும் இடம். தெற்குப் பிரான்சில், பிரனே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் லூர்து என்ற சிற்றூருக்கு வெளியே, காவ் ஆற்றங்கரையில், நகராட்சிக்குச் சொந்தமான பொது நிலத்தின் ஓரத்தில் அந்தப் பாறை நின்றது. அடியில் ஒரு குடைவு. ஊர்ப் பன்றிகளை மேய்ப்பவர் மழை பிடித்தால் அவற்றை அதற்குள் ஓட்டிவிட்டுத் தானும் ஒதுங்கிக்கொள்வார். வெள்ளம் வடிந்தபின் ஆறு கொண்டுவந்து தள்ளிய சுள்ளியும் எலும்பும் அங்கே கிடக்கும். விறகு வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கப் போவார்கள். சுள்ளி அடுப்புக்கு, எலும்பு பழைய சாமான் வாங்குகிறவர்களிடம் விற்க.

நம்மூர்களில் கெபி என்றால், அதாவது லூர்து மாதா குகையின் மாதிரி என்றால், கோவில் வளாகத்திலேயே துப்புரவான மூலை அது. பூந்தொட்டி, வண்ண விளக்கு, சனிக்கிழமை செபமாலை, பிப்ரவரி 11 அன்று திருவிழா. அதன் மூலமான இடம் எப்படிக் கிடந்தது, எப்படி மாறியது என்பதை நாம் பேசுவதே இல்லை. எனக்கு அது பேச வேண்டிய விஷயமாகப் படுவதற்குக் காரணம் அப்பா.

அப்பா கொத்தனார். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடும் மதிலும் கிணற்றுச் சுவரும் கட்டியவர். கெபி கட்ட வேண்டுமென்றால் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுவார்கள். கருங்கல்லைக் கோணல்மாணலாக அடுக்குவார். சூளையில் அதிகம் வெந்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட செங்கற்களைச் சூளைக்காரர்கள் ஒதுக்கிப் போட்டிருப்பார்கள். அப்பா அவற்றைத் தேடிப்பிடித்து வண்டியில் ஏற்றி வருவார். மேல் வளைவுக்குக் கம்பி கட்டி, கோழிவலை விரித்து, அதன்மேல் சிமெண்ட் கலவையைக் கையாலேயே அள்ளி அப்பிப் பாறை மடிப்பு வரவழைப்பார். கரண்டி படக்கூடாது. “கரண்டி பட்டா சுவராயிரும். பாறைன்னா கை வச்சா சொரசொரன்னு இருக்கணும்டா” என்பார். லூர்தை அவர் பார்த்ததில்லை. மாதிரிக்கு அவரிடம் இருந்தது ஒரு காலண்டர் படம்தான்.

அப்பா போனபிறகுதான் எனக்கு அங்கே போக வாய்த்தது. பாரிசில் குடியேறிவிட்ட சித்தப்பா மகள் அழைத்துப் போனாள். பாரிசிலிருந்து ரயிலில் பாதி நாள் பயணம். நிலையத்திலிருந்து இறங்கி நடக்கும் தெரு முழுக்கக் கடைகள். மாதா உருவத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குப்பிகள், செபமாலைகள், மெழுகுதிரிகள். அந்தோணியார் கோவில் திருவிழாக் கடைவீதி எனக்குப் புதிதில்லை, அதனால் அது என்னை உறுத்தவில்லை. வாசலைத் தாண்டி, பெரிய கோவில்களைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரம் வந்ததும் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. வரிசையில் எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று நின்றது. ஆச்சி முணுமுணுத்த தமிழ்ச் செபமாலையும் ஆற்றின் இரைச்சலும் தவிர வேறு சத்தமில்லை.

குகை சிறியது. பத்து மீட்டர் ஆழம்கூட இருக்காது. வரிசை இடப்பக்கச் சுவரை ஒட்டி உள்ளே போய், வளைந்து வெளியே வருகிறது. போகிற ஒவ்வொருவரும் சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறார்கள். கை எட்டும் உயரத்தில் பாறை கறுத்து வழவழப்பாகிவிட்டது. அதற்கு மேலே ஓர் ஆள் உயரம் தாண்டியதும் அப்படியே சொரசொரப்பு. எத்தனை தலைமுறைக் கைகள் என்று அந்தக் கோடு சொல்லிவிடுகிறது. மேலே கசியும் நீர் சொட்டுச் சொட்டாகத் தோளில் விழுகிறது. உள்ளே இடப்பக்கத்தில் ஊற்றுக் கண், கண்ணாடி மூடியின் கீழ் விளக்கு வெளிச்சத்தில் ஓடுகிறது. அப்பாவின் தொழிலை அறிந்தவன் என்பதால் நான் பார்த்தது முதலில் பாறையைத்தான். சுண்ணாம்புப் பாறை. பூச்சு இல்லை, சாயம் இல்லை, சலவைக்கல் பதிக்கவில்லை.

அப்படி அது தப்பியது எளிதாக நடக்கவில்லை.

கதையின் தொடக்கம் பலருக்கும் தெரிந்ததே. பெர்னதெத் சூபிரூவுக்கு அப்போது பதினான்கு வயது. ஆஸ்துமா நோயாளி, எழுதப் படிக்கத் தெரியாதவள், பிரெஞ்சுகூடப் பேச வராது, அந்த மலைநாட்டுப் பேச்சுதான். அப்பா பிரான்சுவா மாவு மில் நடத்தி நொடித்துப்போனவர். ஆறு பேர் கொண்ட குடும்பம் நாலரை மீட்டருக்கு நாலு மீட்டர்கூட இல்லாத ஒற்றை அறையில் இருந்தது. அது ஊரின் பழைய சிறை, கைதிகளுக்கே ஆகாது என்று கைவிடப்பட்டது. 1857-இல் மாவு மூட்டை திருடியதாகச் சந்தேகப்பட்டு பிரான்சுவாவை ஒரு வாரம் உள்ளே வைத்தார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை. ஏழை, ஆகவே சந்தேகம். 1858 பிப்ரவரி 11, வியாழக்கிழமை, தங்கையோடும் தோழியோடும் சுள்ளி பொறுக்கப் போன பெர்னதெத், மில்லுக்கு நீர் போகும் கால்வாயைக் கடக்கக் காலுறையைக் கழற்றும்போது பாறையின் மேல்மாடத்தில் ஒரு பெண்ணை, பிறகு மாதா என்று சனங்கள் நம்பியவரை, கண்டாள். அன்று தொடங்கி ஜூலை 16 வரை பதினெட்டுக் காட்சிகள்.

பிரனே மலைக்கு இது முற்றிலும் புதிய கதையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லூர்திலிருந்து சற்றுத் தொலைவில் காரேசோன் என்ற இடத்தில், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்லேஸ் என்ற ஆடு மேய்க்கும் சிறுமிக்கு ஊற்றடியில் மாதா தோன்றியதாக நம்பி எழுப்பிய கோவில் இருக்கிறது. லூர்துக்கு மேற்கே, அதே காவ் ஆற்றங்கரையில், பெத்தாராம் கோவில் இருக்கிறது. ஊற்று, பாறை, மேய்ச்சல் நிலம், ஏழைச் சிறுமி. மலைச்சனத்துக்கு இவை பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கோர்வையாகத் தெரிந்தவை. அதனால்தான் அதிகாரிகளுக்கு முன்பாகவே அவர்கள் பாறையிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள். அன்று லூர்தின் மக்கள்தொகையே நாலாயிரத்துச் சொச்சம். மார்ச் 4 அன்று குகை முன்னால் ஏழெட்டாயிரம் பேர் கூடினார்கள்.

பிப்ரவரி 25 அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஊற்றில் குடித்து முகம் கழுவச் சொல்லி அந்தப் பெண்ணின் உத்தரவு. ஊற்று எங்கே இருக்கிறது? பெர்னதெத் ஆற்றை நோக்கித் திரும்புகிறாள், பிறகு குகைக்குள் மண்டியிட்டு நகர்ந்து சேற்றைக் கையால் தோண்டுகிறாள். கலங்கல் நீரை மூன்று முறை துப்பிவிட்டு நாலாவது முறை விழுங்குகிறாள். முகமெல்லாம் சேறு. கூட்டம் பைத்தியம் என்று சொல்லிக் கலைகிறது. பன்றி கிடந்த மண்ணில், அத்தனை பேர் பார்க்க, பதினான்கு வயதுப் பெண்! சில நாட்களில் அந்தச் சேறு தெளிந்து நீரோட்டமாயிற்று.

அடுத்து வந்தவர்கள் கல்லுடைக்கிறவர்கள். லூர்தைச் சுற்றிக் கல்குவாரிகள் இருந்தன. குவாரித் தொழிலாளர்கள் வேலை முடிந்த மாலைகளில் கூலியில்லாமல் வந்து, செங்குத்தான சரிவில் பாதை வெட்டினார்கள், ஊற்று நீர் தேங்கத் தொட்டி அமைத்தார்கள். அவர்கள் நடுவே இருந்தவர் லூயி புரியேத். பல ஆண்டுகளுக்கு முன் வெடிவைத்தபோது நேர்ந்த விபத்தில் அவருடைய சகோதரர் செத்தார். இவருக்கு வலக் கண் போயிற்று. இந்த ஊற்று நீரால் கழுவியபின் பார்வை திரும்பியதாகச் சொன்னார். 1862-இல் ஆயர் ஏற்றுக்கொண்ட முதல் ஏழு குணமாதல்களில் அதுவும் ஒன்று. லூர்துக்குப் பாதை போட்ட முதல் ஆட்கள் அப்பாவின் இனம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பங்குக் குழுவோ நகராட்சியோ கூப்பிட்டு அவர்கள் வரவில்லை.

அரசாங்கம் அஞ்சியது. மே மாதம் போலீஸ் அதிகாரி ஜக்கோமே, மேலிட உத்தரவுப்படி, சனங்கள் குகையில் வைத்திருந்த மெழுகுதிரி, படம், சிலுவை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். அவற்றை ஏற்ற வண்டி வாடகைக்குத் தர ஊரில் ஆள் கிடைக்காமல் அலைந்தார். ஜூன் 15 அன்று குகையைச் சுற்றிப் பலகை வேலி அடித்தார்கள். இரவில் சனங்கள் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். மறுபடி அடித்தார்கள், மறுபடி பிடுங்கினார்கள். உள்ளே போனவர்களுக்கு அபராதம். கடைசிக் காட்சி நடந்த ஜூலை 16 அன்று பெர்னதெத்தால் குகைக்குக் கிட்டப் போக முடியவில்லை. ஆற்றின் எதிர்க்கரைப் புல்வெளியில் மண்டியிட்டு அங்கிருந்து பார்த்தாள். அக்டோபரில் மூன்றாம் நெப்போலியனின் உத்தரவு வந்தபின்தான் வேலி போயிற்று.

வேலி போட்ட அதே நகராட்சிக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பிரனே மலையில் கொத்தரே, பான்யேர் போன்ற ஊர்கள் தாது நீர் ஊற்றுகளால் பணக்கார ஊர்களாகியிருந்தன. லூர்தின் புது ஊற்றும் மருந்து நீராக இருக்கலாம் என்று மேயர் சோதனைக்கு அனுப்பினார். துலூஸ் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஃபியோல் ஆகஸ்டில் அறிக்கை தந்தார். இது சாதாரணக் குடிநீர், தனி மருத்துவக் குணம் எதுவும் இல்லை. அன்று அவர் வேறுவிதமாக எழுதியிருந்தால் மசபியேல் ஒரு குளியல் விடுதியாகியிருக்கும், வாசலில் சீட்டு வாங்கவேண்டியிருந்திருக்கும். அந்த அறிக்கையை நான் லூர்துக்குக் கிடைத்த பெரும் நன்மைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

1861-இல் மறைமாவட்டம் குகையையும் சுற்றுநிலத்தையும் நகராட்சியிடமிருந்து வாங்கியது. 1862 ஜனவரி 18 அன்று தார்ப் மறைமாவட்ட ஆயர் லோரான்ஸ் காட்சிகளை ஏற்றுக்கொண்டு அறிவித்தார். அதன்பின் மாற்றங்கள் வேகமெடுத்தன. லியோன் நகரின் ஃபுர்வியேர் குன்றில் பொன்முலாம் பூசிய மாதா சிலையைச் செய்த ஃபாபிஷ் என்ற சிற்பி வரவழைக்கப்பட்டார். பெர்னதெத்தை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவள் கைகளைச் சேர்த்து, கண்களை உயர்த்தி, அந்தப் பெண் நின்ற விதத்தை நடித்துக் காட்டினாள். அதைவிட அழகான எதையும் தான் கண்டதில்லை என்று அவர் நெகிழ்ந்ததாகச் சொல்வார்கள். ஆனால் கராரா சலவைக்கல்லில் வந்த சிலை வேறு. பெர்னதெத் கண்டது தன் உயரமே இருந்த ஒரு சின்னப் பெண்ணை. பெர்னதெத்தின் உயரம் 1.40 மீட்டர். சிலையின் உயரம் 1.88 மீட்டர். சிலையைப் பார்த்ததும் ‘இது அவரில்லை’ என்று சொல்லிவிட்டாள். 1864 ஏப்ரல் 4 அன்று பெரும் ஊர்வலத்தோடு அதைப் பாறை மாடத்தில் நிறுத்தியபோது அவள் நோயோடு படுக்கையில் இருந்தாள். காட்சிகளைப் பற்றி முதலில் கடுமையாக விசாரித்து, பிறகு அவளுக்குத் துணைநின்ற பங்குத்தந்தை பெய்ராமாலும் அன்று நோயாளி. இருவருமே இல்லாமல் விழா நடந்தது.

அந்தச் சிலைதான் உலகம் முழுக்கப் பிரதி எடுக்கப்பட்டது. வெள்ளை ஆடை, நீலக் கச்சை, பாதங்களில் பொன்நிற ரோஜா. ஒவ்வொரு தமிழ்க் கத்தோலிக்கக் குழந்தைக்கும் மாதாவின் முகம் ஃபாபிஷ் செதுக்கிய முகம். அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. குட்டையாய், ஏழைச் சிறுமியின் உயரத்தில், அவள் வயதில் தோன்றிய ஒரு பெண்ணை நாம் எங்கும் வைக்கவில்லை.

1866-இல் லூர்துக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு மே மாதம், குகைப் பாறையின் தலைமேல் கட்டிய நிலவறைக் கோவில் திறக்கப்பட்டது. அதில் கூலிக்கு வேலை செய்தவர்களில் பிரான்சுவா சூபிரூவும் ஒருவர், மாவு திருடியதாகச் சிறைக்குப் போன அதே தகப்பன். மகள் மண்டியிட்ட பாறைமேல் தகப்பன் கல் சுமந்தார். கொத்தனார் வீட்டில் பிறந்தவனுக்கு இந்தச் செய்தி மற்ற எல்லா அற்புதங்களுக்கும் ஈடானது. அந்த ஜூலையில் பெர்னதெத் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்துக்குப் புறப்பட்டாள். பிறகு லூர்தைப் பார்க்கவே இல்லை. 1879-இல், முப்பத்தைந்தாம் வயதில் இறந்தாள். 1933-இல் புனிதையானாள். நிலவறையின் மேல் எழும்பிய பெரிய கோவில் 1876-இல் அபிஷேகம் பெற்றது, அதன் முன்புறத்தில் செபமாலைக் கோவில் 1889-இல் நிறைவுற்றது, நிலத்தடியில் இருபதாயிரம் பேர் கொள்ளும் பத்தாம் பத்திநாதர் பேராலயம் நூற்றாண்டு விழாவுக்காக 1958-இல் வந்தது.

கட்டடங்களைவிடப் பெரிய மாற்றம் ஆற்றில் நடந்தது. பெர்னதெத் காலுறை கழற்றிய இடத்தில் இன்று காய்ந்த கல்தளம். மில் கால்வாய் மூடப்பட்டது. காவ் ஆறு வடக்கே தள்ளப்பட்டு, கரை கட்டி, மக்கள் நிற்க வெளி உண்டாக்கப்பட்டது. குகைக்குக் கம்பித் தடுப்பு போட்டார்கள். பழைய அஞ்சலட்டைகளைப் பார்த்தால் தெரியும், குகை வாய் முழுக்க இரும்புக் கம்பி, உள்ளே குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கம்பித் தடுப்பை எடுத்தார்கள். தள்ளிவைத்த ஆறு 2012 அக்டோபரிலும் 2013 ஜூன் 18 அன்றும் பழைய இடத்துக்கே வந்தது. இரண்டாம் முறை குகைக்குள் இடுப்புக்கு மேல் தண்ணீர். அந்த வெள்ளங்களுக்குப் பிறகு சுற்றுப்புறத்தைத் திருத்தியபோது மெழுகுதிரி எரியும் தாங்கிகளை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனார்கள், தண்ணீர் பிடிக்கும் குழாய்களை நகர்த்தினார்கள். இன்று குகை முன்னால் நாம் உணரும் அமைதி நூற்றைம்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தி உண்டாக்கிய அமைதி. அதற்காக லூர்து நிர்வாகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தங்கம் வைக்கவோ கூரை போடவோ காசில்லாமல் அவர்கள் அதைச் செய்யவில்லை.

நமக்கு லூர்து வந்துசேர்ந்த வழியும் மலைவழிதான். மதுரை மிஷனில் உழைத்த பிரெஞ்சு இயேசு சபையினர் துலூஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். துலூசிலிருந்து லூர்து பக்கத்து ஊர் மாதிரி. புதுச்சேரிப் பக்கம் பாரிஸ் வேதபோதகர்கள். 1870களிலேயே வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோவில் வந்துவிட்டது, சுருபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரி வளாகத்தில் லூர்து மாதா கோவில் எழுந்தது. பிறகு லூர்துசாமி, லூர்துமேரி, லூர்தம்மாள் என்று பெயர்கள். காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைக் கவனித்த லூர்தம்மாள் சைமன் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். கோவிலே கட்ட வசதியில்லாத கிளைப்பங்குகளிலும் கெபி இருக்கும். நாலு வண்டிக் கல், நாலு மூட்டை சிமெண்ட், ஒரு சுருபம், என் அப்பாவைப்போல ஓர் ஆள், அவ்வளவு போதும்.

போன வருடம் அப்பா கட்டிய கெபிகளைப் பார்க்க ஊர் ஊராகப் போனேன். ஒன்றில் உட்புறம் முழுக்க நீல டைல்ஸ். ஒன்றில் பாறைமேல் வெள்ளி நிறப் பெயிண்ட், முன்னால் கண்ணாடிக் கதவு. ஒன்றை இடித்துவிட்டுக் கிரானைட் மேடை கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் இரும்புக் கதவு, பூட்டு, திருவிழா அன்று மட்டும் திறப்பு. எல்லாவற்றிலும் காணிக்கை கொடுத்தவர் பெயர் பொறித்த கல். அன்பில் செய்தவைதான், சந்தேகமில்லை. சுருபத்தைத் திருடுகிறார்கள், பூட்டாமல் என்ன செய்வது என்று பங்கிலிருந்த பெரியவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் கிழவி ஒருத்தி கதவுக் கம்பிக்குள் கையை நீட்டி, எட்டாமல், கம்பியையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். மசபியேலில் சனங்கள் ஆற்றில் பிடுங்கி எறிந்த வேலியை நாமே காசு போட்டு அடித்திருக்கிறோம்.

பங்குத்தந்தையர்களுக்கும் பங்குப் பேரவைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கெபியைப் புதுப்பிக்கும்போது சுருபத்துக்குக் கண்ணாடி போடுங்கள், பூட்டும் போடுங்கள். பாறையை மட்டும் விட்டுவிடுங்கள். டைல்ஸ் வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். கதவுக்கு வெளியே, ஒரு பக்கமாவது, குழந்தையின் கையும் கூன் விழுந்த கிழவியின் கையும் எட்டும் உயரத்தில், சொரசொரப்பான வெறுங்கல் இருக்கட்டும். அதற்குத் தெரிந்த கொத்தனார் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார், கேட்டால் செய்து தருவார்.